மஞ்சள் கோடு போட்ட நாலு போல்ட்டு

தன் ஷெட்டில் வெல்டிங் ராடு தேடிப் பழைய பெயிண்ட் டப்பாவுக்குள் கையை விட்ட பிச்சைமுத்து அப்படியே நின்றுவிட்டான். கையில் ஒரு காகிதப் பொட்டலம் தட்டுப்பட்டது. பிரிக்கவே வேண்டியதில்லை, கனத்திலேயே தெரிந்துபோயிற்று. இருந்தாலும் பிரித்தான். எண்ணெய்ப் பிசுக்கோடு நாலு போல்ட்டு, நாலு நட்டு. போல்ட்டின் தலையில் எட்டு புள்ளி எட்டு என்று எண் குத்தியிருந்தது. அசல் கெட்டி இரும்பு. காலையிலேயே தமிழழகனின் ஜீப்பில் ஏறியிருக்க வேண்டிய சாமான்.

மணி மூணு ஆகிக்கொண்டிருந்தது. ஜீப்பு இரண்டரைக்கே கள்ளக்குறிச்சியை விட்டுக் கிளம்பியிருக்கும்.

ஜீப்பின் அடியில் மொத்தம் எட்டு போல்ட்டு, பக்கத்துக்கு நாலு. இடது பக்கம் மாற்றியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்படியானால் வலது பக்கத்தில் இருப்பது எது? வேறு எது, வேலை நடக்கும்போது சும்மா பிடிமானத்துக்கு மாட்டுகிற சாதா போல்ட்டுதான். பத்து வண்டிக்கு மாட்டிக் கழற்றி மரை தேய்ந்துபோன எழவு. அதை வைத்து ஆட்டுக்கொட்டகைக்குத் தகரம்கூட முடுக்க முடியாது. அதுதான் இப்போது இருபது உயிரைச் சுமந்துகொண்டு கல்வராயன் மலை ஏறிக்கொண்டிருக்கிறது.

தமிழழகனுக்கு மலையிலேயே ஊர். வெள்ளிமலை தாண்டி, பஸ் திரும்பிவிடுகிற இடமும் தாண்டி, நாலைந்து ஊர் ஜனத்துக்கு அவன் ஜீப்புதான் பஸ், சரக்கு வண்டி, பிரசவ வண்டி எல்லாம். பாதை ஏற்றமும் கல்லுமாக இருப்பதால் பாதி தூரம் கிளச்சை மிதித்தபடியே ஓட்ட வேண்டும். மூணு மாதத்துக்கு ஒரு தடவை கிளச் பிளேட் தீய்ந்துவிடும். பிளேட்டை மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கியர்பாக்ஸ் இறங்குகிற வழியில் கிராஸ் மெம்பர் குறுக்கே கிடக்கும். வண்டியின் அடியில் இந்தப் பக்கத்துச் சட்டத்தையும் அந்தப் பக்கத்துச் சட்டத்தையும் சேர்த்துப் பிடித்து, கியர்பாக்ஸையும் தாங்குகிற இரும்புக் கட்டை அது. சட்டத்தோடு சேர்த்து ரிவெட் அடித்த கட்டை, கழற்ற வராது. அதனால் ஒவ்வொரு தடவையும் முன்பக்கத்தைப் பிரித்து இன்ஜினையே சங்கிலி போட்டுத் தூக்க வேண்டும். அதற்கு மூணு நாள் ஆகும், அந்த மூணு நாளும் மலை ஜனம் நடந்துதான் போக வேண்டும்.

இதற்கு வழி சொன்னது பிச்சைமுத்துதான். அந்தக் கட்டையை இரண்டு பக்கமும் அறுத்து, பட்டை வைத்து, போல்ட்டு போட்டுவிட்டால் வேண்டும்போது கழற்றிக்கொள்ளலாம், மலையிலேயே புளிய மரத்தடியில் படுத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் பிளேட்டை மாற்றிவிடலாம் என்றான். மற்ற ஷெட்டுக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். சேசிஸில் கத்தி வைத்தால் வண்டி நடு ரோட்டில் வாயைப் பிளந்துவிடும் என்று ஒருத்தர் தமிழழகனிடமே சொன்னார். பிச்சைமுத்துவுக்கு அந்த மாதிரிப் பேச்சு ஆகாது. என் கையால் செய்து காட்டுகிறேன், பிளந்தால் என் பேரை மாற்றி வைத்துக்கொள் என்று சவால் விட்டு வேலையை எடுத்தான்.

சும்மா சொல்லக்கூடாது, வேலை சுத்தமான வேலை. அறுக்கும் முன்னால் இரண்டு சட்டத்துக்கும் குறுக்கே இரும்பு ஆங்கிள் வைத்துப் பற்றவைத்தான். அறுத்ததும் சட்டம் விலகிவிடக்கூடாதே. அவன் மனைவி செவ்வந்தி கிரைண்டர் பிடித்தாள். ஷெட்டில் அவளும் பாதி ஆள், அவளைவிட நேராகப் பிசிறு எடுக்கிறவர்கள் அந்த ரோட்டில் கிடையாது. பட்டைகளைச் சேர்த்து வெல்டிங் வைக்கும்போது மட்டும் சாதா போல்ட்டை மாட்டிக்கொள்வான். நல்ல போல்ட்டுக்கு அந்தச் சூடு பட்டால் வலு போய்விடும். வெல்டிங் ஆறின பிறகு சாதாவைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக அசலை ஏற்றுவான். கடைசியில் நட்டிலிருந்து பட்டை வரைக்கும் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பான். நட்டு நகர்ந்தால் கோடு உடைந்துவிடும். கோடு உடைந்தால் உடனே வண்டியை நிறுத்து என்று எல்லா டிரைவருக்கும் சொல்லி வைத்திருந்தான். தமிழழகனுக்கும் சொல்லியிருந்தான்.

பாழாய்ப்போன ராகு காலம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. வெள்ளிக்கிழமை பத்தரைக்குள் வண்டி ஷெட்டை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று தமிழழகன் பத்து மணிக்கே எலுமிச்சம்பழமும் சூடமுமாக வந்து நின்றான். பிச்சைமுத்து அப்போதுதான் இடது பக்கம் நாலையும் மாற்றி முடித்திருந்தான். மணி பத்தேகால் என்றான் தமிழழகன். பத்து இருபது என்றான். அடியில் படுத்திருந்தவனுக்கு அந்த மணிக்கணக்கு காதில் கொசு மாதிரி ரீங்கரித்தது. மஞ்சள் பிரஷ்ஷை வாங்கி ஒரே மூச்சில் இடமும் வலமும் எட்டுக் கோடு இழுத்துவிட்டு வெளியே வந்தான். நாலு சக்கரத்தின் கீழும் பழம் நசுங்கியது. பத்து இருபத்தெட்டுக்கு வண்டி ரோட்டில் இருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

போகிற நேரத்தில் தமிழழகன் ஒன்று கேட்டான். மலை டிரைவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சேசிஸில் கை வைத்தவன் எவனோ அவனும் முதல் நடையில் ஆட்களோடு ஆளாக ஏறி வர வேண்டும். அதனால் சாயங்காலம் நீயும் வா என்று கூப்பிட்டான். தியாகதுருகத்தில் ஒரு கேட் மாட்ட வேண்டியிருக்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று பிச்சைமுத்து கழன்றுகொண்டான். கேட் வேலை இருந்தது உண்மைதான். அதை நாளைக்கும் மாட்டியிருக்கலாம் என்பதும் உண்மைதான்.

பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவன் போன் போட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டான். அதே குரல், அதே பதில். ஷெட்டுக்குள் நாலு அடி நடந்தான், திரும்பினான், மறுபடி போட்டான். செவ்வந்தி கிரைண்டரை நிறுத்திவிட்டு அவன் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"போன எதுக்குத் தேச்சிக்கினு நிக்கிறீங்க? வண்டிய எடுங்க," என்றாள். ஸ்பேனர் இரண்டு, சுத்தி, குத்தூசி, டார்ச் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அவன் தோளில் மாட்டினாள். "போன ஒடனே மொதல்ல ஜனத்த எறக்கச் சொல்லுங்க. போல்ட்ட அப்பறமா பாருங்க."

பைக்கை உதைத்தான். பதற்றத்தில் சாவி போட மறந்து நாலு உதை வீணாகப் போனது. தலையில் அடித்துக்கொண்டு சாவியைத் திருகினான்.

கச்சிராயபாளையம் ரோட்டில் அன்றைக்குப் பார்த்துக் கரும்பு டிராக்டர் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் ரோட்டை அடைத்துக்கொண்டு, பின்னால் கட்டு சரிந்து தொங்க, ஆடி அசைந்து போனது. ஹாரன் அடித்து அடித்துக் கட்டைவிரல் வலித்தது. ஒரு டிராக்டர்க்காரன் திரும்பிப் பார்த்து, பொண்ணு பாக்கப் போறியா இன்னா என்று கேட்டான். வேறு நாளாக இருந்தால் பிச்சைமுத்து வண்டியை நிறுத்திப் பதில் சொல்லியிருப்பான். அன்றைக்கு மண் பாதையில் இறங்கி, முள் கீறினதையும் பார்க்காமல் முந்திக்கொண்டு போனான்.

கச்சிராயபாளையம் டீக்கடையில் நிறுத்தி விசாரித்தான். ஜீப்பு போய் அரைமணிக்கு மேல் ஆகிறது என்றார்கள். நாலு நாளாக வண்டி ஓடாததால் கூட்டம் சேர்ந்துவிட்டது, பரீட்சை முடிந்து ஹாஸ்டல் பிள்ளைகள் வேறு, பின்னால் பையன்கள் தொங்கிக்கொண்டு போனார்கள் என்று கடைக்காரர் விலாவாரியாகச் சொன்னார். எத்தனை பேர் இருக்கும் என்று கேட்டான். இருபத்திரண்டு, இருபத்து மூணு இருக்கும் என்றார் அவர். டீ குடிக்கவில்லையா என்று அவர் கேட்டது இவன் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

கோமுகி அணை வந்தது. தண்ணீரைப் பார்க்கக்கூட அவன் கழுத்து திரும்பவில்லை. கணக்கு ஒன்றுதான் தலைக்குள் ஓடியது. சமதரையில் ஒன்றும் ஆகாது. ஏற்றத்தில் இன்ஜின் முக்கும்போது கியர்பாக்ஸ் முறுக்கும். அந்த முறுக்கு முழுக்கக் கட்டையில் இறங்கும். கட்டையின் இடது பக்கம் நிற்கும், வலது பக்கம் நிற்காது. வலது பக்கம் விட்டுவிட்டால் கியர்பாக்ஸ் தொங்கும், பின் சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்ட் உருவிக்கொண்டு தரையில் குத்தும். பள்ளம் இருக்கிற பக்கம் பார்த்துக் குத்தினால்... அதற்கு மேல் அவன் நினைக்க மறுத்தான். நினைப்பு அவனைக் கேட்டுக்கொண்டா வருகிறது? அது பாட்டுக்கு வந்தது. எத்தனை முறை விரட்டியும் வந்தது.

அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் காவலர் நோட்டைப் பார்த்து, ஜீப்பு போய் இருபத்தைந்து நிமிஷம் ஆகிறது என்றார். மலை ஏற ஆரம்பித்ததும் பைக் திணறியது. இரண்டாவது கியரில் அலறவிட்டான். ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் மூச்சைப் பிடித்துக்கொள்வான், வளைந்ததும் ரோட்டைப் பார்க்க மாட்டான், பள்ளத்தைத்தான் பார்ப்பான். செடி முறிந்திருக்கிறதா, தூசி எழும்புகிறதா, யாராவது கத்துகிறார்களா? ஒன்றும் இல்லை. குரங்குகள் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு வளைவில் ரோட்டில் கருப்பாக எண்ணெய் சிந்தியிருந்தது. இறங்கித் தொட்டு மோந்து பார்த்தான். பழைய கறை. அதற்குள் இரண்டு நிமிஷம் போய்விட்டதே என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி ஏறினான்.

குலசாமியை வேண்டிக்கொள்ள வாய் வந்தது. ஆனால் என்ன சொல்லி வேண்டுவது? நான் சரியாகப் பார்க்கவில்லை, நீயாவது பார்த்துக்கொள் என்றா? வெட்கமாக இருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டு ஓட்டினான்.

ஆறாவது வளைவு தாண்டி ஒரு பாறைத் திருப்பத்தில் ஜீப்பு நின்றுகொண்டிருந்தது.

நின்றுகொண்டிருந்தது, நாலு சக்கரத்திலும். பின் சக்கரத்துக்குக் கல் அணை கொடுத்திருந்தார்கள். ஜனம் ரோட்டோரம் சாக்கு மூட்டைகள் மேலும் பாறை மேலும் உட்கார்ந்திருந்தது. பிச்சைமுத்து பைக்கை ஸ்டாண்டு போடக்கூட இல்லை, மண் மேட்டில் சாய்த்துவிட்டு ஓடினான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். யாருக்கும் ஒன்றும் இல்லை. அவனும் ஒரு கல்லில் உட்காரப் பார்த்தான்.

ஜீப்புக்கு அடியிலிருந்து தமிழழகன் வெளியே வந்தான். இவனைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது. தப்புச் செய்துவிட்டு வாத்தியாரிடம் மாட்டிக்கொண்ட முகம்.

"பிச்சண்ணா, உனுக்கு யாரு சொன்னது? தப்பா நெனச்சிக்காதண்ணா," என்றான். "உன் வேலையில ஒரு கொற இல்ல. நான்தான் ஜாஸ்தி ஏத்திட்டேன். டொக்கு டொக்குனு சத்தம் வந்திச்சி, நீ சொன்னியேன்னு எறங்கிப் பாத்தேன். வலப் பக்கம் கோடு ஒடஞ்சிருக்குது."

பிச்சைமுத்து மலைக்கு வந்த காரணத்தைச் சொல்ல வழி நெடுக வார்த்தை சேர்த்து வைத்திருந்தான். யாரும் அவனைக் கேட்கவே இல்லையே! குற்றவாளி ஏற்கெனவே கிடைத்துவிட்டான், அவனே ஒப்புக்கொண்டும் விட்டான். பார்த்துவிடுகிறேன் தள்ளு என்று மட்டும் சொல்லிவிட்டு, பையை இழுத்துக்கொண்டு ஜீப்புக்கு அடியில் நுழைந்தான்.

டார்ச் அடித்தான். வலது பக்கத்தில் நாலு மஞ்சள் கோடும் இரண்டிரண்டாக விலகிக் கிடந்தன. இரண்டு போல்ட்டு வளைந்தே போயிருந்தது. ஒன்றின் மரை முழுக்கச் சிரைத்துக்கொண்டு, நட்டு விரலாலேயே சுற்றியது. இன்னும் இரண்டு வளைவு, மிஞ்சினால் மூணு. அதற்கு மேல் தாங்கியிருக்காது. அவன் முகத்தில் எண்ணெய் சொட்டியது, துடைக்கவில்லை.

வளைந்ததைக் குத்தூசி வைத்துச் சுத்தியால் தட்டி எடுத்தான். அந்த ஓட்டையில் அசலை ஏற்றி முடுக்கினான். ஒன்று. கை அது பாட்டுக்கு வேலை செய்தது, காது மட்டும் மேலே இருந்தது. மேலே ஜனம் தமிழழகனை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தது. இருசம்மாள் என்கிற வயசான பொம்பளைக்கு வாய் பெரிசு. உப்பு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு, ஆட்டை அடைக்கிற மாதிரி அடைச்சா வண்டி தாங்குமா, உனுக்கு ஆசை அடங்காதா என்று கிழித்துக்கொண்டிருந்தாள். தமிழழகன் ஆமாம் பெரிம்மா, தப்புதான் பெரிம்மா என்று கேட்டுக்கொண்டான்.

இரண்டாவது போல்ட்டு ஏறியது. சத்தம் போடாமல் முடித்துவிடலாம் என்று பிச்சைமுத்துவுக்குத் தோன்றியது. இன்னும் இரண்டுதான். பழசை நாலையும் பள்ளத்தில் வீசிவிட்டால் அது எந்தப் புதரில் விழுந்ததென்று யாருக்குத் தெரியும்? கோடு உடைந்ததைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்கள், பிச்சைமுத்து விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்து முடுக்கிக் கொடுத்தான். ஊர் இப்படித்தான் பேசும். அவன் பேர் இன்னும் உசரமாகத்தான் போகும். வாயைப் பிளந்துவிடும் என்று சொன்ன ஷெட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொள்வார்.

மூணாவது ஏறிக்கொண்டிருக்கும்போது தமிழழகனின் குரல் கேட்டது. ஆளைக் குறைத்தால்தான் வண்டியை எடுப்பேன், கடைசியாக ஏறினவர்கள் இறங்கி நடக்க வேண்டும், மேலே எல்லோரையும் விட்டுவிட்டுத் திரும்ப வந்து கூட்டிக்கொள்கிறேன் என்றான். பின்னால் தொங்கிக்கொண்டு வந்த பையன்கள் காது கேளாதவர்கள் மாதிரி நின்றார்கள். பிறகு பிச்சைமுத்துவின் கண்ணுக்கு நேரே, சக்கரத்துக்கு அப்பால், இரண்டு ஜோடிக் கால்கள் வந்தன. ஒன்று வெடித்த குதிகாலில் ரப்பர் செருப்புப் போட்டது. இன்னொன்று பள்ளிக்கூடத்து வெள்ளை சாக்ஸ் போட்டது.

ஜெயம்மாளும் அவள் பெண் தேவதர்ஷினியும் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது. கச்சிராயபாளையத்தில் கடைசியாக ஏறியவர்கள். பெண் ஹாஸ்டலில் தங்கி ஒன்பதாவது படிக்கிறாள், டிரங்குப் பெட்டி வேறு இருந்தது. ஜெயம்மாள் சண்டை போடவில்லை. பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். நாம போனா வண்டி தாங்கும்னா நாம நடப்போம் வா என்று பெண்ணிடம் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. நாலு கால்களும் மேட்டுப் பக்கம் நடந்து மறைந்தன.

நாலாவது போல்ட்டை முடுக்கும்போது பிச்சைமுத்துவுக்கு இரண்டு தடவை ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி பெயர்ந்தது. இந்தக் கூட்டத்தில் சம்பந்தமே இல்லாத ஒரு பொம்பளை, என் சோம்பலையும் அவசரத்தையும் தலையில் பெட்டியாகச் சுமந்துகொண்டு போகிறாளே என்று நினைத்தான். அழுகை வந்தது. அடியில் படுத்தபடியே அழுது முடித்தான். கோடு இழுக்கப் பெயிண்ட் இல்லை. பழைய போல்ட்டு நாலையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

"ஆச்சாண்ணா?" என்றான் தமிழழகன்.

"ஆச்சி." பிச்சைமுத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினான். "தமிழு, ஆள் ஜாஸ்தி ஏத்துனதால இது ஆவுல. வலப் பக்கம் நான் நல்ல போல்ட்டே போடல. வெல்டிங்குக்கு மாட்டுற பழசு நாலும் அப்டியே கெடந்திச்சி. அது மேலயே கோடு போட்டுட்டேன். மூணு மணிக்குத்தான் பாத்தேன். அதுக்குத்தான் ஓடியாந்தேன்."

சட்டைப் பையிலிருந்து நாலையும் எடுத்துக் காட்டினான். தமிழழகன் ஒரு போல்ட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்குக் கோபம் வந்ததா, வேறு என்ன வந்ததா, முகத்தில் தெரியவில்லை. போல்ட்டைத் திரும்ப இவன் உள்ளங்கையில் வைத்தான்.

"மொத நடைக்கு வாண்ணு கேட்டனேண்ணா," என்றான்.

பிச்சைமுத்து தலையைக் குனிந்துகொண்டான். நாலு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டு தேவலை என்று இருந்திருப்பான்.

ஜனத்துக்குள் பேச்சு கிளம்பியது. ஒருத்தர் இந்த வண்டியே வேண்டாம், நடக்கலாம் என்றார். இன்னொருத்தர் நடந்தால் வீடு போய்ச்சேர நடுராத்திரி ஆகும் என்றார். ஒரு பையன் பிச்சைமுத்துவைப் பார்த்து அசிங்கமாக ஒரு வார்த்தை சொன்னான். கடைசியில் இருசம்மாள் உப்பு மூட்டையை விட்டு எழுந்து வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இப்ப போட்டது நல்லதா?"

"நல்லதும்மா."

"அப்ப நீயும் ஏறு." அவளே முதலில் ஏறிப் பின் சீட்டில் தன் இடத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒதுங்கி இடம் விட்டாள். "விழுந்தா எல்லாரும் சேந்து விழுவோம்."

யாரோ சிரித்தார்கள். ஒவ்வொருவராக ஏற ஆரம்பித்தார்கள். அசிங்கமாகத் திட்டின பையனே பிச்சைமுத்துவின் பைக்கை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான்.

பிச்சைமுத்துவுக்குக் கீழேதான் அந்தக் கட்டை இருந்தது. இன்ஜின் முக்கும்போதெல்லாம் பாதம் வழியாக அதன் அதிர்வு முழங்கால் வரைக்கும் ஏறியது. ஒவ்வொரு சின்னச் சத்தத்துக்கும் அவன் காது விடைத்தது. பானட் கிலுகிலுப்பா, கதவுத் தாழ்ப்பாளா, இல்லை அதுவேதானா? அதுவல்ல. இருசம்மாள் பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டு, உனுக்குத்தான் முகம் வெளுத்துப்போச்சு, நாங்க வாரத்துக்கு ரெண்டு தடவ இப்டித்தான் போறோம் என்றாள். அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

இரண்டு வளைவு தாண்டியதும் அவர்கள் கண்ணில் பட்டார்கள். ஜெயம்மாள் டிரங்குப் பெட்டியோடு முன்னால், பெண் ஷூவையும் சாக்ஸையும் கையில் பிடித்தபடி பின்னால். தமிழழகன் வண்டியை நிறுத்தி ஏறச் சொன்னான். ஆள் ஜாஸ்தி என்று சொன்னாயே என்று அவள் கேட்டாள். தமிழழகன் பின்பக்கம் திரும்பிப் பிச்சைமுத்துவைப் பார்த்தான். அவன் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியவனே சொல்லட்டும் என்று விட்டுவிட்டான்.

பிச்சைமுத்து இறங்கினான். கூட்டத்துக்கு நடுவே சொன்னது சுலபமாக இருந்தது. இரண்டே பேருக்கு முன்னால் நின்று சொல்வதுதான் பெரும்பாடு. நடந்ததை நடந்தபடி சொன்னான். ஜெயம்மாள் பெட்டியை இறக்கவே இல்லை. சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டுவிட்டு, புதுசைக் காட்டு என்றாள்.

அவன் ரோட்டில் படுத்து டார்ச் அடித்தான். அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையை ஊன்றிக் குனிந்து பார்த்தாள். நம்பர் இருக்கிறது என்கிறாரே, படி என்று பெண்ணைக் கூப்பிட்டாள். தேவதர்ஷினி தரையில் கன்னம் படாத குறையாகச் சாய்ந்து, எட்டு புள்ளி எட்டு, எட்டு புள்ளி எட்டு என்று நாலு தடவை படித்தாள். அந்தப் பக்கமும் போய் நாலு தடவை படித்தாள். வண்டிக்குள் இருந்தவர்கள் ஒருத்தரும் அவசரப்படுத்தவில்லை.

"பழசு எங்க?" என்றாள் ஜெயம்மாள்.

சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். போகிற வழியில் ஆள் பார்க்காத நேரமாகப் பார்த்து வீசிவிட வேண்டும் என்று வைத்திருந்தான். அவள் நாலையும் விரலால் புரட்டினாள். ரொம்ப வளைந்திருந்த ஒன்றைப் பொறுக்கி எடுத்தாள். அதன் நுனியில் மஞ்சள் பெயிண்ட் கொஞ்சம் ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"எம் பொண்ணு பன்னெண்டாவது முடிக்கிற வரிக்கும் இதுலதான் எறங்கி ஏறணும்," என்றாள். "அது வரிக்கும் இது எங்கிட்ட இருக்கட்டும்."

முந்தானையின் நுனியில் அதை வைத்து இறுக்கி முடிந்துகொண்டாள். பெண்ணை முதலில் ஏற்றினாள், பெட்டியை ஏற்றினாள், கடைசியில் தானும் ஏறிப் பிச்சைமுத்துவுக்கு எதிரே உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. அந்த முடிச்சு அவன் முழங்காலுக்கு நேரே தொங்கி, ஒவ்வொரு வளைவிலும் கனமாக ஆடியது. வெள்ளிமலை வருகிற வரைக்கும் அவனால் அதைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.